எல்லாரும் உட்கார்ந்த பிறகு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "நம்ம ஸ்கூலை முடிச்சுட்டு வீட்டுக்குப் போற பிள்ளைங்களை அந்தக் காலத்துல எப்படி டீச்சர் பார்த்துக்கிட்டீங்க?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் டீயைக் குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடியும் போனீர்கள். சரி, உட்கார்ந்து கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எழுதித்தான் தர வேண்டும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் "இதிலிருந்து நாங்க என்ன கத்துக்கணும் டீச்சர்?" என்று போன் போடாதீர்கள். அது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

எங்கள் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். தருமபுரி டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சிஸ்டர்கள் அந்தப் பள்ளியை நடத்தினார்கள். இன்றைக்கு நீங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு என்னென்னவோ மரியாதையான பெயர்கள் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அன்று ஊர் வைத்த பெயர் ஒன்றே ஒன்றுதான், மக்கு இஸ்கூல். பஸ் கண்டக்டர்கூட "மக்கு இஸ்கூலு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பான். ஒருநாள் அவனோடு நான் போட்ட சண்டையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. மறுநாளும் அவன் அப்படியேதான் கத்தினான்.

என் அப்பாவுக்கு டவுனில் தகரப் பட்டறை. வாளி, புனல், டிரங்குப் பெட்டி செய்வார். பாய் வீட்டுப் பெண் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்ப்பது எங்கள் தெருவில் கொஞ்சநாள் பேச்சாக இருந்தது, பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. எனக்கு இருந்த தகுதியெல்லாம், டீச்சர் ட்ரெயினிங் முடித்திருந்தேன், தனியாகப் பஸ் ஏறிப் போக அஞ்ச மாட்டேன் என்பதுதான். வாய் வேறு கொஞ்சம் நீளம். இதையெல்லாம் பார்த்து, பள்ளியை நடத்திய பெரிய சிஸ்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பதினெட்டு வயது முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவரவர் ஊருக்குப் போய்ப் பார்த்து வருவது. அந்த வேலைக்கு அப்போது பெயரே கிடையாது.

அனுப்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா, ஒரு சீப்பு கொடுப்போம். அவர்கள் குளிப்பார்கள், தலை வாரிக்கொள்வார்கள், துணி துவைப்பார்கள், கிணற்றடியில் வழுக்காமல் நடப்பார்கள். எல்லாம் எங்கள் பள்ளியில் கற்றது. ஆனால் நாங்கள் எல்லாவற்றையும்விடப் பெருமைப்பட்டது சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றித்தான்.

வந்த புதிதில் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். பலசாலி தின்பான், மெலிந்தவன் அழுவான். இதை மாற்ற வேண்டும் என்று பெரிய சிஸ்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். இரண்டு வரிசையாகப் பாய் விரித்து உட்கார வேண்டும். எல்லாத் தட்டிலும் பரிமாறி முடிய வேண்டும், ஜெபம் சொல்ல வேண்டும். கடைசியில் சமைத்த அக்காவும் தன் தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் கை வைக்கலாம். இதைப் பழக்குவதற்குள் எங்கள் உயிர் போய் வந்தது. பழகிய பிறகோ, யார் பள்ளியைப் பார்க்க வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவோம். அத்தனை பிள்ளைகள், முன்னால் ஆவி பறக்கும் சோறு, ஒரு கை அசையாது. வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

அப்படிப் பழகியவர்களில் லூர்துதான் எங்கள் நட்சத்திரம். கடத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், கிறிஸ்தவக் குடியானவர் வீடு. வந்த நாளில் என் கையிலிருந்த பன்னையே பிடுங்கியவள் அவள். போகிற வருஷத்தில் அவள்தான் தட்டுகளை வரிசையாக வைப்பாள், அவசரப்படும் சின்னப் பிள்ளைகளின் கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைப்பாள். வார்த்தை கொஞ்சம்தான் பேசுவாள், சிரிப்பு நிறைய. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பினோம். இவளைப் பற்றிக் கவலையே இல்லை என்று நானே பெரிய சிஸ்டரிடம் சொன்னேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் நடுவில் ஒருநாள் அவளுடைய அப்பா சவரிமுத்து பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என்னா சிஸ்டரு பண்ணி வெச்சிருக்கீங்க எம் புள்ளய?" என்றார். "இங்க உடறதுக்கு முன்னாடி பக்கத்து வூட்டுச் சோத்தக்கூட புடுங்கித் திம்பாளுங்க. இப்ப தட்டுல போட்டு வெச்சா கல்லாட்டம் உக்காந்துக்கறா. கூழு ஊத்திக் குடுத்தா குடிக்கறா, மோரு குடிக்கறா. தட்டு வெச்சா மட்டும் தொட மாட்டேங்கறா. எலும்பும் தோலுமா ஆயிட்டாளுங்க."

"எத்தனை நாளா?" என்றேன்.

"வந்ததுலருந்தே அப்படித்தான் டீச்சரு. தபசு காலம் பொறந்ததும், சரி, ஒருசந்தி இருக்கறா போலன்னு நெனச்சோம். ஒருசந்தின்னாலும் ஒரு வேள திங்கோணுமில்ல? எம் பொஞ்சாதி என்னான்னா, சிஸ்டருங்க இவளக் கன்னியாஸ்திரீ ஆக்கப் பாக்கறாங்கங்கறா. ஊர்க்காரனுங்க வேற மாதிரி பேசறானுங்க."

"என்ன பேசறாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு பின்கதவையே பாத்துக்கிட்டிருக்கா. யாரு வரோணும் அந்தக் கதவு வழியா? இங்க பசங்களும் படிக்கறாங்கதானே, எவனையாச்சும் நெனச்சு ஏங்கறாளோன்னு கேக்கறானுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெரிய சிஸ்டர் கையமர்த்தினார். சவரிமுத்து அதற்குள் முடிவே எடுத்திருந்தார். இண்டூர்ப் பக்கம் அவர் மனைவி வகையில் ஒருவர், பெண்டாட்டி இறந்துபோனவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். பெண் கேட்கிறார்களாம். தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடலாம் என்று இருக்கிறாராம்.

"கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க," என்றார். சொன்ன அவர் முகத்திலேயே அதில் நம்பிக்கை இல்லை.

தன் தட்டுச் சோற்றைத் தொடாதவளை, முன்பின் பழகாத வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட அனுப்புகிறார்களாம்! அங்கே போய் இவள் தட்டு முன்னால் இப்படி உட்கார்ந்தால் யார் கூழ் கரைத்து ஊட்டப்போகிறார்கள்? அவர் போன பிறகு நான் இதைக் கேட்டுக் கத்தினேன். பெரிய சிஸ்டர், "நீ போய்ப் பார். போனதும் வாயைத் திறக்காதே. ஒரு வேளைச் சாப்பாடு முடிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்து பார்," என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேலே சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிப் படித்ததுமே உங்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். 'இது தெரியவில்லையா இந்த டீச்சருக்கு?' என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் தலையில் அன்று இருந்ததெல்லாம் ஒருசந்தி, கன்னியாஸ்திரீ மடம், யாரோ ஒரு பையன். பள்ளியில் அவளுக்குப் பிடித்த பையன் யார் என்று நானே இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன் என்றால் பாருங்கள்.

கடத்தூரில் இறங்கி, கடலைக்காட்டு வரப்போடு நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். லூர்து என்னைக் கண்டதும் ஓடி வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். "டீச்சர், டீச்சர்" என்று வீடு முழுக்க ஒரு சுற்று. வாசல் கூட்டியிருந்தது, குடங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் வேலை என்று அம்மா ஆரோக்கியம் சொன்னாள். ஆனால் அவள் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு சிரிக்கிற பெண் எதற்காகப் பட்டினி கிடக்கிறாள்?

மத்தியானம் சவரிமுத்து கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தார். களி, கீரைக் கடைசல். விருந்தாளி என்பதால் எனக்கும் அவருக்கும் முதலில் வைத்தாள் ஆரோக்கியம். அவர் தின்றுவிட்டுக் கை கழுவி மாட்டைப் பார்க்கப் போனார். அதன் பிறகு லூர்துவுக்குத் தட்டு வந்தது. லூர்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள். பின்கதவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். சிரித்தாள். 'ஏன்' என்று கேட்டால் நம் பிள்ளைகளிடமிருந்து பதில் வராது என்பது உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். பெரிய சிஸ்டர் சும்மா இருக்கச் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனால் என்னால் முடிந்தால்தானே. ஜெபம் சொல்லாததுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றியது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பள்ளியில் தினம் கேட்டுப் பழகிய ஜெபத்தை உரக்கச் சொன்னேன். பாய் வீட்டு டீச்சர் ஜெபம் சொல்வதைக் கேட்டு, மாட்டுக் கொட்டாயிலிருந்து சவரிமுத்து எட்டிப் பார்த்தார். லூர்து பக்தியாக ஆமென் சொன்னாள். கை மட்டும் மடியிலேயே இருந்தது.

பள்ளியில் மணி அடிப்போமே என்று டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்தன. "லூர்து, சாப்பிடு!" என்று டீச்சர் குரலில் அதட்டினேன். கையைத் தட்டுவரை கொண்டுபோனாள், திரும்ப எடுத்துக்கொண்டாள். டீச்சர் சொல்வதையும் மீற முடியவில்லை, டீச்சர் சொல்லிக் கொடுத்ததையும் மீற முடியவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. பிடிவாதம் என்று நினைத்தேன்.

அந்த நேரமெல்லாம் பின்கதவுக்கு அப்பால் இருந்த சமையல் கட்டிலிருந்து ஆரோக்கியம், "தின்னாளா டீச்சரு? தின்னாளா டீச்சரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் பொங்கியது.

"அங்கிருந்தே ஏலம் விடாம இங்க வந்து உக்காருங்கம்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் பயந்துபோய், பின்கதவு வழியாகக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். லூர்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அம்மாவுக்கு முன்னால் இருந்த வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து வந்தாள். அதைத் திருப்பி அம்மா முன்னால் வைத்து, தன் களியில் பாதியைப் பிட்டு அதில் போட்டு, கீரையையும் ஒரு பக்கம் ஊற்றினாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

பள்ளியில் சாப்பிடுவாளே, அதே மாதிரி. அவசரம் இல்லை, சிந்தல் இல்லை.

ஆரோக்கியம் மூடியைத் தள்ளினாள். "ஐயோ, எனக்கு எதுக்குங்க, பொழுதோட அவருக்கு வேணுமே..."

"தின்னுங்க!" என்றேன். "நீங்க நிறுத்தினா அவ நிறுத்திடுவா. தின்னுங்கம்மா!"

அவள் தின்றாள். இரண்டு பேரும் தின்றார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சமையல் அக்கா! தினமும் கடைசியாக வந்து உட்காரும் சமையல் அக்கா. லூர்து பின்கதவைப் பார்த்துக் காத்திருந்தது எந்தப் பையனுக்காகவும் இல்லை. சமைத்தவள் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். இத்தனை நாளும் இந்த வீட்டில் ஆரோக்கியம் உட்காரவே இல்லை. எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் ஆண்கள் எழுந்த பிறகு அம்மா, அத்தை, நாங்கள் எல்லாம் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். யாராவது ஒருத்தி உட்காரவே மாட்டாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

"உங்க தட்டு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்க தட்டு? சட்டியில ஒட்டனத வழிச்சுப் போட்டுக்குவேன். நின்ன வாக்குல ஆயிடும்."

அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்தே இல்லையாம்.

சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். பையன் ஒருத்தனும் இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. அடுத்ததைச் சொன்னதும் மறுபடி குழம்பிவிட்டது.

"அப்ப நா இன்னா பண்ணோணுங்கறீங்க?"

"மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அவ அம்மாவும்."

"எங்கூடவா?"

"உங்ககூடத்தான்."

அவர் கோபப்படுவார் என்று நான் சண்டைக்குத் தயாராகி நின்றேன். அவர் கோபப்படவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டீச்சரு, எங்கப்பன் எங்காத்தா எதுக்க உக்காந்து தின்னு நா பாத்ததில்ல. அவ எதுக்க உக்காந்தா எனக்குத் தொண்டையில எறங்காதுங்க. கூச்சமா இருக்குது," என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

கோபத்துக்கு என்னிடம் மருந்து இருந்தது. கூச்சத்துக்கு என்ன செய்வது? நின்று நின்று பார்த்துவிட்டுக் கடைசியில், "இண்டூருக்கு அனுப்பி அங்க அவ பட்டினி கிடக்கறதுக்கு, இங்க நீங்க கொஞ்சம் வெக்கப்படலாமே," என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். அவள் தானாகத் தின்னப் பழகும்வரைக்கும் எல்லாரும் சேர்ந்து உட்காருவது. அதுவரை இண்டூர்ப் பேச்சைத் தள்ளிவைப்பது. பழகிவிட்டால் வீடு பழையபடி, கல்யாணப் பேச்சையும் அப்புறம் பார்த்துக்கொள்வது. பழக்குவது டீச்சரின் பொறுப்பு.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். நான் அவளை நன்றாகப் பழக்கினால் அவளுக்கு என்ன கிடைக்கும்? இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாப்பிள்ளை கிடைப்பார். பழக்காவிட்டால்? காலம் முழுக்க யாராவது எதிரே உட்கார்ந்தால்தான் சோறு. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு யார் உட்காருவார்கள்? இரண்டு பக்கமும் யோசித்து, பள்ளி ஸ்டாப்பில் இறங்க மறந்து டவுன் வரைக்கும் போய்விட்டேன்.

பெரிய சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம தப்பா சொல்லிக்கொடுத்துட்டோமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியலையே," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "நாம மாட்டினதை நாமதான் கழட்டணும். மெதுவா கழட்டு," என்றார்.

மெதுவாகக் கழற்ற ஒரு வழி வைத்திருந்தேன். முதலில் அம்மா தட்டோடு உட்கார்ந்து, நடுவில் ஏதாவது எடுக்கப் போகிற மாதிரி எழுந்து போக வேண்டும். பழகியதும் தட்டை மட்டும் வைத்துவிட்டு உட்காரத் தாமதிக்க வேண்டும். பிறகு தட்டைச் சமையல் கட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிடிவாதக்காரப் பிள்ளைகள் எத்தனை பேரை இப்படி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்! ஆரோக்கியத்துக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். டவுனிலிருந்து ஒரு தட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

முதல் சில நாள் சவரிமுத்துதான் பட்டினி என்று கேள்விப்பட்டேன். பெண்டாட்டி எதிரே உட்கார்ந்ததும் களியை உருட்டிக்கொண்டே இருப்பாராம், வாய்க்குப் போகாதாம். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாராம். ஊரில் கிண்டல் பண்ணினார்கள். "சவரி வூட்ல தெனமும் பந்தி" என்று கடத்தூர்ச் சந்தையில்கூடச் சொன்னார்களாம். மனுஷன் பொறுத்துக்கொண்டார். நான் அடுத்த தரம் போனபோது பாதி திரும்பியிருந்தார். அதற்கடுத்த தரம் எங்கள் பக்கம் திரும்பி நேராகவே உட்கார்ந்திருந்தார், ஆனால் கண் மட்டும் தட்டில்.

லூர்து தேறிவிட்டாள். கன்னம் பழையபடி வந்துவிட்டது. ஈஸ்டர் போனது, ஓலை வாசிக்கவில்லை.

ஆனால் பழக்கம் மட்டும் மாறவே இல்லை. ஒவ்வொரு தரம் போகும்போதும், "என்னம்மா, தனியா சாப்பிடறாளா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லீங்க டீச்சரு," என்பாள் ஆரோக்கியம். மாங்காய் சீசனில் கேட்டேன், இல்லை. ஆடியில் கேட்டேன், இல்லை. "நான் சொன்ன மாதிரி பாதியில எழுந்து போறீங்களா?" என்றால், "போறேனுங்களே," என்பாள். எனக்கு மண்டை காய்ந்தது. இதைவிடக் கஷ்டமான பிள்ளைகள் எல்லாம் இதே வழியில் மாறியிருக்கிறார்கள், புத்திசாலி லூர்து ஏன் மாறவில்லை? என் வழியில் தப்பா, அவளிடம் நாங்கள் கவனிக்காத வேறு ஏதாவது இருக்கிறதா? பெரிய சிஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து குழம்பினோம்.

கடலை பிடுங்கும் சமயம். வழக்கமாக நான் போவது சனிக்கிழமை. அந்த வாரம் நடுவில் பள்ளிக்கு ஒரு லீவு கிடைத்ததால் சொல்லாமல் கிளம்பிப் போனேன். வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

லூர்து கூடத்தில் தனியாக உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாள்.

கையை மடியில் வைக்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் நிறையக் களியோடு சிரித்தாள்.

"லூர்து! அம்மா எங்க?"

"காட்டுல."

"நீ... அம்மா வரதுக்கு முன்னாடியே சாப்பிடறியா?"

"பசிச்சுது டீச்சர்," என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டோம்! பின்பக்கம் கடலைக்கொடிக் கட்டு விழும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் தலைச்சும்மாட்டை அவிழ்த்தபடி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், மகள் முன்னாலிருந்த தட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா ஆரோக்கியம்! தனியா சாப்பிடறா! இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கா போல!" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தபிறகு என் சந்தோஷம் மெல்ல இறங்கியது.

"இன்னிக்குத்தான் இல்லையா?"

தலையாட்டினாள். "மாங்கா சீசன்லயேங்க டீச்சரு. நா அடுப்புகிட்டயே நின்னாலும் தின்னுடறா இப்பல்லாம். அவரு இல்லாதப்ப ரெண்டு மூணு தரம் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் என்கிட்ட இல்லைன்னு சொன்னீங்க?"

எனக்குப் பொறி தட்டியது. அட, இதுதானா! பாவம் பெற்ற மனசு. "இண்டூர்ப் பேச்சை எடுத்துடுவாரேன்னுதானே மறைச்சீங்க? சொல்லுங்க. அதுல தப்பே இல்ல. நானே பெரிய சிஸ்டர விட்டு அவர்கிட்ட பேசச் சொல்றேன்," என்றேன்.

அவள் முதலில் ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சும்மாட்டுத் துணியைக் கையில் முறுக்கினாள்.

"அதுக்கில்லீங்க டீச்சரு. அவரு அந்தப் பேச்ச எப்பவோ உட்டுட்டாரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சூடா திங்கறேனுங்க."

நான் வந்தது ஒரு பெண்ணைத் தேற்றிவிட. தேறிவிட்டாள். அதைச் சொன்னால் அவர் போட்ட ஏற்பாட்டின்படி இந்த வீடு பழையபடி ஆகிவிடும். சொல்லாவிட்டால், தன் பிள்ளைக்காக ஊர்க் கிண்டலைப் பொறுத்துக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனை நானும் சேர்ந்து ஏமாற்றுகிறேன். லூர்து கற்றுக்கொண்டதை அவள் அப்பாவுக்கே தெரியாமல் மறைப்பது அவளுக்குச் செய்யும் நியாயமா? நான் யாருக்காக இந்த ஊருக்குப் பஸ் ஏறி வருகிறேன்? அன்றைக்கும் தெரியவில்லை, இத்தனை வருஷம் கழித்து உங்களுக்கு எழுதும்போதும் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் நிறையப் படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

யோசிக்க எனக்கு நேரமும் கிடைக்கவில்லை. சவரிமுத்து காட்டிலிருந்து வந்துவிட்டார். லூர்து தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போயிருந்தாள். அவர் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாங்க டீச்சரு, என்னா இன்னிக்கு, பொதங்கெழமையில," என்றார். கேட்டுக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்தார். "புள்ள எப்படிங்க? பழகிட்டாளா?"

ஆரோக்கியம் தட்டுகளில் களியை வைத்துவிட்டு, சமையல் கட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் இல்லீங்க," என்றேன். "கொஞ்ச நாள் ஆகும்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அங்கயே இன்னா நிக்கற? வந்து உக்காரு. ஆறுது பாரு."